வீசி எறிவதை மாட்டுக்குத் தீனியாக்குவோம்

(தோட்டச் சனசமூக நிலையத்தில் கால்நடை வளர்க்கும் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாடு என்பது இரண்டாவது சம்பளம். மழை கூடி, கொழுந்து குறைந்து, பேர் விழாத மாதத்திலும் பால் காசு வரும். பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து, டியூஷன் காசு, கோயில் வரி, சீட்டு எல்லாம் அதில்தான் ஓடுது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 400 கிராம் பால்மா பக்கட் 790 ரூபாவுக்கு ஏறினபோது, மாடு இருந்த லயத்தில் பிள்ளைகள் பால் குடித்தார்கள். ஆனால் அதே காலத்தில் புண்ணாக்கு, தவிடு, மாட்டுத்தீனி மூட்டை எல்லாம் விலை ஏறி, தீனி வாங்க முடியாமல் நல்ல கறவை மாட்டைத் தரகரிடம் கொடுத்தவர்களும் நம்மிலே இருக்கிறார்கள். மாட்டை விற்பது ஒரு நாள் வேலை. திரும்ப ஒரு மாடு வாங்க நகையை அடகு வைக்க வேண்டியிருக்கு.

இன்னொரு விஷயமும் இருக்கு. காலை முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்த பெண், பின்னேரம் புல்லுக்கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடையோரம், பள்ளத்தாக்கு என்று புல் தேடிப் போகிறாள். அட்டைக்கடி, குளவிக் கொட்டு, வழுக்குப் பாறை, சில இடங்களில் சிறுத்தை. இருட்டுகிற நேரத்தில் தலைச்சுமையோடு வருகிறாள். ஒரு கட்டுப் புல் குறைந்தால் அவளுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம். நான் இன்று பேசப் போவது காசு மிச்சத்தைப் பற்றி மட்டும் இல்லை, இந்த மிச்சத்தைப் பற்றியும்தான்.

நமக்குச் சொந்தமாகப் புல் நட ஏக்கர் கணக்கில் காணி இல்லை. தனிவீடு கிடைத்தவர்களிலும் பலருக்கு 7 பேர்ச்சஸ்தான். ஆனால் நம்மைச் சுற்றி மரக்கறித் தோட்டத்திலும், வீட்டுக் கொல்லையிலும், தேயிலை மலையிலும் தினசரி வீசி எறியும் தழை, கொடி, தோல், தண்டு எவ்வளவோ இருக்கு. அதில் எது தீனி, எது விஷம், எதை எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

மாட்டின் வயிறு எப்படி வேலை செய்கிறது

நம்ம வயிறு வேறு, மாட்டு வயிறு வேறு. மாட்டுக்கு இரைப்பை நாலு பாகம். அதில் முதல் பாகம் ஒரு பெரிய பீப்பா மாதிரி. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் தின்ன முடியாத நாரையும் தழையையும் அவைதான் புளிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், நாம் தீனி போடுவது மாட்டுக்கு மட்டும் இல்லை, அந்த நுண்ணுயிர்களுக்கும்தான்.

இதிலிருந்து முதல் பாடம்: எந்தப் புதுத் தீனியையும் திடீரென்று அள்ளிப் போடக்கூடாது. புல்லுக்குப் பழகின நுண்ணுயிர்கள் கோவா இலைக்குப் பழக ஏழு முதல் பத்து நாள் வேணும். முதல் நாள் ஒரு பிடி, அடுத்த நாள் இரண்டு பிடி, இப்படிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "எங்க மாடு இதைத் தின்னாதுங்க" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாள் போட்டுப் பார்த்துவிட்டு விட்டவர்கள்தான்.

தண்ணீர் போக மிஞ்சுவது எவ்வளவு?

இரண்டாவது பாடம் ஒரு சின்னக் கணக்கு. எல்லாத் தழையிலும் தண்ணீர் இருக்கு. தண்ணீர் போக மிஞ்சுவதுதான் உண்மையான தீனி. அதை உலர் எடை என்று சொல்வார்கள்.

350 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர் எடை தேவை. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை. ஆகவே 35 கிலோ புல் போட்டால் 7 கிலோ கிடைக்கும். அதோடு தவிடு, புண்ணாக்கு மூன்று கிலோ வைத்தால் கணக்கு சரியாக வரும்.

கோவா இலையிலோ பத்தில் ஒரு பங்குதான், சில நேரம் அதுவும் இல்லை. 10 கிலோ கோவா இலை போட்டால் 1 கிலோதான் உள்ளே போகுது. அதாவது 10 கிலோ கோவா இலை 5 கிலோ புல்லுக்குச் சமம். வாழைத்தண்டு அதைவிட மோசம். 100 கிலோ வாழைத்தண்டில் 90 கிலோவுக்கு மேல் தண்ணீர். வரட்சியில் வயிறு நிரப்பப் போடலாம், ஆனால் பால் நிரப்பாது. "ஒரு கூடை நிறையப் போட்டேன், பால் குறைஞ்சிட்டு" என்று சொல்லும்போது, அந்தக் கூடையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று யோசிக்க வேண்டும்.

மரக்கறித் தோட்டத்துக் கழிவுகள்

நுவரெலியா, வெலிமடை, ஊவா பரணகம பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றி மரக்கறிக்குக் குறைவே இல்லை. லொறியில் ஏற்றுவதற்கு முன் வெட்டி எறியும் இலை மலை மாதிரி குவியுது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோவா, பூக்கோவா, நோக்கோல் இலை: புரதம் உள்ள நல்ல தீனி. ஆனால் நாள் கணக்காக இதையே போட்டால் மாட்டுக்கு இரத்தம் குறையும். கழுத்துக் கழலையும் வரலாம். பச்சைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பும். முதலில் கொஞ்சம் புல், அதற்குப் பிறகு கோவா.

கரட் தழையும் ஒடிந்த கரட்டும்: மிக நல்லது. மாடு விரும்பித் தின்னும். முழுக் கரட்டை நறுக்கிப் போடுங்கள்.

ராபு இலை: கொடுக்கலாம், அளவோடு.

பீட்ரூட் இலை: இதில் ஒக்சாலிக் அமிலம் என்கிற ஒரு பொருள் இருக்கு. மாட்டின் உடம்பில் உள்ள கல்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். கழிச்சலும் வரும். வாடவிட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள். கன்று ஈன்று புதிதாகக் கறக்கும் மாட்டுக்கு வேண்டாம்.

லீக்ஸ் தழை: இதில்தான் கவனம் வேணும். லீக்ஸ் வெங்காய இனம். வெங்காய இனம் மாட்டின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கூடிப்போனால் மூத்திரம் கறுஞ்சிவப்பாகப் போகும், முரசு வெளுக்கும், மாடு தள்ளாடும். சும்மா கிடைக்குது என்று கூடை கூடையாகப் போடுகிறவர்கள் இன்றோடு நிறுத்துங்கள். மற்றத் தழையோடு கலந்து வரும் ஒன்றிரண்டு பிடிக்கு மேல் வேண்டாம். பாலிலும் அந்த வாடை ஏறும்.

போஞ்சிக் கொடி: காய் முடிந்த பிறகு பிடுங்கும் கொடி நல்ல தீனி. மருந்து அடித்த நாளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு: செடியும் தழையும் கூடவே கூடாது. பச்சையாகிப் போன கிழங்கு, முளைவிட்ட கிழங்கு இரண்டும் விஷம். நல்ல கிழங்கில் பொடி பொறுக்கிக் கொடுப்பதாக இருந்தாலும் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். முழுக் கிழங்கு தொண்டையில் அடைத்தால் மாடு மூச்சு முட்டிச் சாகும். தக்காளிச் செடியும் அதே இனம், அதுவும் வேண்டாம்.

மருந்து அடித்த தழை

மரக்கறித் தழையில் பெரிய ஆபத்து தழை இல்லை, அதன் மேல் அடித்த மருந்து. கோவாவில் வெளி இலைதான் அதிக மருந்தை வாங்குகிறது. நாம் மாட்டுக்குக் கொண்டுவருவதும் அந்த வெளி இலையைத்தான். மருந்துப் போத்தலில், அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று எழுதியிருக்கும். அந்த நாள் கழியாத தழையைத் தொடக்கூடாது. தோட்டக்காரரிடம் "முதலாளி, கடைசியாக மருந்து அடிச்சது எப்ப?" என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கொண்டுவர வேண்டாம். கழுவினால் கொஞ்சம் குறையும், ஆனால் உள்ளே இறங்கின மருந்து கழுவிப் போகாது. அந்த மாட்டின் பாலைக் குடிப்பது நம்ம பிள்ளைதான்.

தேயிலை மலையிலும் இதே கதைதான். களை மருந்து அடித்த மலையில் புல் வெட்டக்கூடாது. எந்த மலைக்கு, என்றைக்கு அடிக்கிறார்கள் என்று பிரட்டுக்களத்தில் கங்காணியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. ஒருவருக்குத் தெரிந்தால் லயம் முழுக்கச் சொல்லுங்கள்.

சந்தைக் கழிவைச் சாக்கில் அள்ளி வருகிறவர்கள், கொட்டிப் பரப்பி, சொப்பிங் பேக், ரப்பர் வளையம், நூல், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். மாடு வாயில் பிரித்துப் பார்க்காது, அப்படியே விழுங்கும். பொலித்தீன் வயிற்றில் உருண்டையாகச் சேரும். கம்பி இருதயம் வரை குத்தும்.

வீட்டுக் கொல்லையிலிருந்து

வத்தாளைக் கொடி: கிழங்கு பிடுங்கும் நாளில் கொடியை வீசுகிறோம். நல்ல புரதம் உள்ள, மாடும் ஆடும் விரும்புகிற தீனி அது. நறுக்கி வாடவிட்டுக் கொடுங்கள்.

சோளன் தட்டை: பிஞ்சுச் சோளன் உடைத்த பிறகு பச்சையாக நிற்கும் தட்டை, காய்ந்த தட்டையைவிட எவ்வளவோ மேல். உடைத்த அன்றே வெட்டுங்கள். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கினால் மிச்சம் வைக்காமல் தின்னும்.

மரவள்ளி: இலையிலும் தோலிலும் சயனைட் விஷம் இருக்கு. பச்சையாக ஒருபோதும் கூடாது. பொடியாக நறுக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறுமொறு என்று காய்ந்த பிறகு கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெயில் இல்லாத மாதத்தில் அந்த எண்ணமே வேண்டாம்.

பலா: இலை ஆட்டுக்கு நல்லது. பழத்தின் சக்கையும் தோலும் மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இனிப்புக் கூடியது என்பதால் ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளிக்கும்.

சோற்றுப் பானை

வயிறு புளிப்பது என்று சொன்னேன். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் திருவிழா அன்னதானத்தில் மிஞ்சின சோற்றை "வீணாகப் போகக்கூடாது" என்று ஒரு கறவைப் பசுவுக்குப் பெரிய சட்டியோடு வைத்தார்கள். ஆசையாகத் தின்றது. மறுநாள் படுத்தது, எழும்பவில்லை. மூன்றாம் நாள் செத்துப் போச்சு. நாளுக்கு 9 லீற்றர் கறந்த மாடு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அன்பில்தான் கொடுத்தார்கள்.

ஏன் செத்தது? சோறு, பாண், மாவு இதெல்லாம் மாட்டின் முதல் இரைப்பையில் மிக வேகமாகப் புளித்து அமிலமாக மாறும். அந்த அமிலத்தில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். அமிலம் இரத்தத்திலும் ஏறும். ஆகவே கல்யாணம், கருமாதி, திருவிழா எதுவாக இருந்தாலும் மிஞ்சின சோற்றை ஒரு மாட்டுக்குக் கொட்டாதீர்கள். ஒரு பிடி, இரண்டு பிடி தீனியோடு கலந்தால் ஒன்றும் செய்யாது. சட்டி கணக்கில் தின்றுவிட்டது என்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பூசணம் பிடித்த பாண், பூசணம் பிடித்த புண்ணாக்கு, சோளன் எதையும் கொடுக்கக்கூடாது. பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் வரும். "மாடுதானே" என்று நினைக்க வேண்டாம்.

தேயிலை மலையின் நிழல் மரங்கள்

தேயிலை மலையில் மரம் கவ்வாத்துப் பண்ணும் காலத்தில் டடப், கிளிசரிடியா தழை தரையில் விழுகிறது. பெரும்பகுதி மண்ணுக்குப் பசளையாக அங்கேயே கிடக்க வேண்டியது. ஆனால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டால் ஒரு பங்கை மாட்டுக்கு எடுக்கலாம். பதுளை, கண்டி, கேகாலை, இரத்தினபுரி பக்கத்துக் கீழ்மலைத் தோட்டங்களில் கிளிசரிடியா நன்றாக வளரும். மேலே குளிரான மலைகளில் டடப்தான் நமக்கு.

கிளிசரிடியா இலையில் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கு. தேங்காய்ப் புண்ணாக்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்குப் போட்டால், 4 அல்லது 5 கிலோ பச்சை இலை புரதத்தில் 1 கிலோ புண்ணாக்குக்குச் சமம். புண்ணாக்கில் எண்ணெய்ச் சத்தும் இருக்கு என்பதால் முழுக்க நிறுத்திவிட முடியாது, ஆனால் ஒரு பங்கைக் குறைக்கலாம். வேலிக் கம்பாக நட்டால் வருஷத்துக்குப் பல தடவை வெட்டலாம்.

புதிதாகப் போட்டால் அதன் வாடைக்கு மாடு முகத்தைத் திருப்பும். இன்று வெட்டி இரவு முழுக்க வாடவிட்டு, நாளைக்குப் புல்லோடு கலந்து போடுங்கள். பச்சைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, பெக்டரியில் கழிவுத் தேயிலை கிடக்குதே, அதைப் போடலாமா?" கூடாது, தம்பி. அதில் கபீன், தனின் இரண்டும் இருக்கு. தனின் புரதத்தைக் கட்டிப்போட்டு மாட்டுக்குச் சேரவிடாது. கபீன் மாட்டைப் படபடக்க வைக்கும். அதைவிட முக்கியம், கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் கொண்டுபோவதும் சட்டப்படி குற்றம். மாட்டுத் தீனிக்கு என்று சொன்னாலும் பொலிஸ் கேஸ்தான்.

ஓடையோரம் வெட்டும்போது பன்னம், உண்ணிச்செடி, ஆமணக்கு மூன்றும் புல் கட்டுக்குள் வராமல் பாருங்கள். பன்னம் நாள் பட்டால் இரத்த மூத்திரம் வரவைக்கும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும்.

மழைக்காலத்துத் தழையை வரட்சிக்கு வைப்பது

மழைக்காலத்தில் கோ-3 புல் ஆளுயரம் நிற்குது, தின்ன மாடு இல்லை. கோயம்புத்தூரில் உருவாக்கின புல் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஆனால் ஜனவரி, பெப்ரவரி வந்தால் மேல்மலையில் உறைபனி விழுந்து புல் கருகுது, மார்ச் வரை வெயில். அந்த மூன்று மாதத்தில்தான் பால் விழுது, அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளைகளுக்குப் புதுக் கொப்பியும் சீருடையும் என்று செலவு வருது. ஆகவே கூடின காலத்துத் தழையைக் குறைந்த காலத்துக்கு ஊறுகாய் மாதிரிப் போட்டு வைக்க வேண்டும். இதைத்தான் சைலேஜ் என்கிறார்கள். மெஷின் தேவையில்லை.

செய்முறையைக் கவனமாகக் கேளுங்கள்.

1. கோ-3 புல், பச்சைச் சோளன் தட்டை, வத்தாளைக் கொடி எதுவானாலும் மழை இல்லாத நாளில் வெட்டி, சில மணித்தியாலம் வாடவிடுங்கள். கையில் இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. விட்டால் உருண்டை மெதுவாகப் பிரிய வேண்டும்.

2. ஒரு அங்குலத் துண்டாக நறுக்குங்கள். நீளமாக இருந்தால் நடுவில் காத்து நிற்கும்.

3. 100 கிலோ தழைக்கு 2 முதல் 3 கிலோ சீனிப்பாணியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் கலக்குங்கள். பாணிதான் நல்ல புளிப்புக்கு உதவும்.

4. உள்ளே கெட்டிப் பொலித்தீன் உறை போட்ட சாக்கில், அல்லது மூடி உள்ள பிளாஸ்டிக் பீப்பாவில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். காத்துத்தான் எதிரி. களை மருந்து, பூச்சி மருந்து வந்த பீப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் எடுக்க வேண்டாம்.

5. வாயை முறுக்கி இறுக்கிக் கட்டி, எலி கடிக்காத இடத்தில் நிழலில் அடுக்குங்கள். 30 நாளாவது திறக்க வேண்டாம். குளிர் மலையில் இன்னும் இரண்டு வாரம் கூட்டுங்கள்.

திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறம், இனிப்பும் புளிப்புமான வாசனை இருந்தால் நல்ல சரக்கு. கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் அடித்தால், பூசணம் இருந்தால், எருக்குழிக்குத்தான். திறந்த சாக்கை இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும்.

எவ்வளவு போட வேண்டும்? ஒரு மாட்டுக்கு நாளுக்கு 10 கிலோ என்று வைத்தால், 90 நாளுக்கு 900 கிலோ. 20 கிலோ சாக்கில் 45 சாக்கு. ஒரே நாளில் செய்ய முடியாது. ஆனால் ஞாயிறுக்கு மூன்று சாக்கு என்று போட்டால் 15 ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். நாலு வீட்டார் சேர்ந்தால் நறுக்க ஒருவர், மிதிக்க ஒருவர் என்று சுலபம்.

வைக்கோல்

மகியங்கனை, பொலன்னறுவை பக்கம் போய்வரும் லொறிக்காரர் மூலம் வைக்கோல் கிடைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 1980களிலேயே நம் நாட்டில் ஆராய்ச்சி செய்து சொன்ன வழி ஒன்று இருக்கு. 25 கிலோ வைக்கோலுக்கு 1 கிலோ யூரியாவை 25 லீற்றர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து, காத்துப் போகாமல் பொலித்தீனால் மூடி, இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். திறந்து, மூக்கைக் குத்தும் வாடை போகும்வரை ஆறவிட்டுப் பிறகு கொடுக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை: யூரியா கட்டியாகக் கிடந்தாலோ, கரைத்த தண்ணீரை மாடு குடித்தாலோ அந்த இடத்திலேயே சாகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. முதல் தடவை மிருக வைத்திய அலுவலகத்து ஆட்களைக் கூட்டிவந்து அவர்கள் முன்னால் செய்யுங்கள். லொறிக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கூலியே தீனி விலையைத் தாண்டினால் அந்த வேலை வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள் சில

"இதெல்லாம் போட்டால் தவிடு, புண்ணாக்கு தேவையில்லையாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். கறக்கிற மாட்டுக்குத் தேவைதான், அக்கா. பொதுவாக 2 லீற்றர் பாலுக்கு 1 கிலோ என்று ஒரு கணக்கு இருக்கு. நல்ல தழை சேர்ந்தால் அதில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்குக் கொஞ்சம் குறைத்து, பாலை அளந்து பாருங்கள். பால் விழுந்தால் திரும்பக் கூட்டுங்கள். தவிடு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். உமி கலந்திருந்தால் மேலே மிதக்கும்.

"பால் எடுக்கும் இடத்தில் வாடை என்று திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் ஒரு அண்ணன். கோவா, ராபு, கிளிசரிடியா, சைலேஜ் எல்லாம் வாடை உள்ள தீனி. அவற்றைக் கறந்த பிறகு போடுங்கள். கறப்பதற்கு முன் சில மணித்தியாலம் புல் மட்டும். மாட்டுக் கொட்டகையில் அந்தத் தழையைக் குவித்து வைக்கவும் கூடாது. பாலே வாடையை இழுக்கும்.

"மாடு உப்பிட்டா என்ன செய்யிறது?" இடது பக்கம் மேளம் மாதிரி வீங்கினால், முன்கால் மேட்டில் நிற்கும்படி நிறுத்துங்கள், மெதுவாக நடத்துங்கள், உடனே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து மூலிகைத் தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உப்பிசத்தில் பிழைக்கிற மாடும் பிழைக்காது.

"தண்ணி எவ்வளவு?" கறவை மாட்டுக்கு நாளுக்கு 40 லீற்றருக்குக் குறையக்கூடாது. காய்ந்த தீனி கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் தராத மாட்டிடம் பால் கேட்க முடியாது. தினமும் ஒரு சிறு பிடி உப்பு, கிடைத்தால் தாதுப்பொடியும் கொடுங்கள்.

கடைசியாக

கொண்டுபோக வேண்டியது இவ்வளவுதான். புதுத் தீனியை மெதுவாகப் பழக்குங்கள். எந்தத் தழையையும் தனியாகப் போடாமல் கலந்து, நறுக்கி, வாடவிட்டுக் கொடுங்கள். மருந்து அடித்ததா என்று கேட்காமல் எதையும் தொடாதீர்கள். லீக்ஸ், உருளைக்கிழங்குத் தழை, பச்சை மரவள்ளி, சட்டிச் சோறு, இந்த நாலும் வேண்டாம். மழைக்காலத்தில் வாரம் மூன்று சாக்கு கட்டுங்கள். காலை மாலைப் பாலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கு. எழுதினால்தான் எந்தத் தீனி பாலைக் கூட்டுது, எது குறைக்குது என்று நமக்கே தெரியும்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மரக்கறித் தோட்டத்தில் தழை கேட்பது, சாக்குத் தூக்குவது, நறுக்குவது, மிதிப்பது இதெல்லாம் பெண்கள் தலையில் இன்னொரு வேலையாக விழுந்தால் நான் பேசினதில் அர்த்தமே இல்லை. பால் காசை எண்ணும் கை, கத்தியையும் பிடிக்கட்டும். பின்னேரம் அவள் புல்லுக்குப் போகாத ஒரு நாள், பிள்ளையின் பாடக் கொப்பியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு நாள் ஆகட்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை இதே இடத்தில் சாக்கில் சைலேஜ் போடுவதைச் செய்து காட்டுகிறோம். வீட்டுக்கு ஒருவர் புல்லுக்கத்தியோடு வாருங்கள். தழை நாங்கள் கொண்டுவருகிறோம்.